கோயில் சுவரில் ஒரு நிலக்கணக்கு: நொபொரு கராஷிமாவும் காவிரிப் படுகையும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைகிறவர்களின் கண் முதலில் விமானத்தின் உச்சிக்குத்தான் போகும். விமானத்தைச் சுற்றி, கைக்கு எட்டும் உயரத்தில் வரிவரியாக ஓடும் எழுத்துகள் பிறகுதான் கண்ணில் படும். அங்கே முதலாம் இராஜராஜன் கொடுத்த பொன்னும் முத்தும் செப்புத் திருமேனிகளும் பட்டியலாகின்றன. கோயிற் பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அவர்கள் குடியிருந்த வீடுகளும் இருக்கின்றன. வழிகாட்டிகள் பெரும்பாலும் இவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே சுவரில், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் நிலக்கணக்கும் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் அளந்த நிலம் இவ்வளவு என்று தொடங்கும். வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழே ‘கீழ் முந்திரி’ வரை போகும். முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. கீழ் முந்திரி அதிலும் 320-ல் ஒரு பங்கு, அதாவது 1,02,400-ல் ஒன்று. அந்த மொத்தத்திலிருந்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றின் நிலம் கழிக்கப்படும். மீதி நிலத்துக்குரிய காணிக்கடன் என்னும் நிலவரி இத்தனை கலம் நெல் என்று, ‘ஆடவல்லான்’ என்னும் பெயர்கொண்ட மரக்காலால் அளக்கும்படி கணக்கு முடியும். ஒரு பேரரசன் எடுப்பித்த கற்றளியின் சுவர் கிராமக் கணக்கர் வைத்திருந்த ஏட்டைப் போலவே நடந்துகொள்கிறது. இந்தச் சுவரை அந்த ஏடாகவே படிக்க வேண்டும், மன்னர் புகழ் அதன் ஒரு பகுதி மட்டுமே என்பதைத் தன் வாழ்நாள் உழைப்பால் நிறுவியவர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. காவிரிப் படுகையின் வரலாறு அரண்மனையில் இல்லை, வயலில் இருக்கிறது என்பதும், அதைக் காண ஒரு பெரிய கல்வெட்டைப் போற்றுவதை விட ஆயிரம் சிறிய கல்வெட்டுகளைச் சேர்த்து எண்ணுவதே வழி என்பதும் அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம்.

அவருக்கு முன்னால் வந்தவர்களின் பணியைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்த யூஜென் ஹுல்ட்ஷ் 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்றபோது, பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பதே தலபுராணக் கதைகளுக்குள் மறைந்து கிடந்தது. இராஜராஜன் எடுப்பித்த கோயில் இது என்பதை அவர் கல்வெட்டிலிருந்தே காட்டினார். தஞ்சைக் கல்வெட்டுகளை அவரும் வெங்கய்யாவும் கிருஷ்ண சாஸ்திரியும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பதிப்பித்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மைப்படி எடுத்த கைகள் இருக்கின்றன. முதலில் கல்லை நீர் விட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். பிறகு நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, மயிர்க் குச்சத்தால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். மை தோய்ந்த பொதியால் மேலே ஒற்றி எடுத்தால் கருப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து நிற்கும். ஊர் ஊராகப் போய் இப்படி எடுத்த தாள்களின் மேல்தான் நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலும், திருப்புறம்பியத்தில் பிறந்த சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’மும் எழுந்தன. எந்த அரசனுக்குப் பின் எவன் வந்தான், எந்தப் போர் எப்போது நடந்தது என்ற கால ஒழுங்கு அவர்களால் அமைந்தது. அந்த ஒழுங்கு இல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. ஆயினும் அவர்கள் கல்வெட்டை அணுகிய முறைக்கு ஓர் எல்லை இருந்தது. முக்கியமான கல்வெட்டு என்று தோன்றியதை எடுத்துக்கொண்டு, அது சொல்வதை வரலாறாக எழுதினார்கள். குடத்தில் ஓலையிட்டு அவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உத்தரமேரூரின் குடவோலை முறை ஒரு கல்வெட்டில் விரிவாக வந்தால், சோழர் காலத்து ஊராட்சி முழுவதும் அப்படித்தான் இருந்தது என்று பேசத் தோன்றியது. ‘இரண்டு மா நிலம் விற்றுக் கொடுத்தோம்’ என்று முடியும் நூற்றுக்கணக்கான சிறு சாசனங்கள் அடிக்குறிப்புகளில் தங்கிவிட்டன.

கராஷிமா 1933-ல் டோக்கியோவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆசிய வரலாறு படித்தார். போருக்குப் பிந்தைய ஜப்பானிய வரலாற்றறிஞர்களிடையே கிராம சமூகம் பற்றிய விவாதம் தீவிரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆசியக் கிராமங்கள் நிலத்தைப் பொதுவில் வைத்துத் தமக்குள்ளேயே நிறைவு கண்டு, நூற்றாண்டுகள் கடந்தும் மாறாமல் கிடந்தன என்ற கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய அதிகாரிகள் பரப்பியிருந்தார்கள். மார்க்ஸும் இந்தியாவைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய அறிக்கைகளையே நம்பினார். அது மெய்யா என்று பார்க்க, நில விவரம் நிறைந்த பழைய ஆவணங்கள் வேண்டும். அவை தமிழ்நாட்டின் கோயில் சுவர்களில் இருந்த அளவுக்கு இந்தியாவில் வேறெங்கும் செறிவாக இல்லை. 1961-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவராக வந்தவர், 1964 வரை இந்தியாவில் தங்கினார். அப்போது உதகமண்டலத்தில் இருந்த இந்தியக் கல்வெட்டு ஆய்வாளர் அலுவலகத்தில் மைப்படிகளோடு அமர்ந்து எழுத்தும் மொழியும் கற்றார். தமிழும் கிரந்தமும் கலந்து ஓடும் வரிகளையும், சொல் பிரியாமல் எழுதிய வாசகங்களையும், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் நில அளவுகளையும் படித்துப் பொருள் கொள்வது தமிழர்க்கே எளிதன்று. அடிப்படையிலிருந்து கற்ற அந்த உழைப்பு அவரை இன்னொரு கேள்விக்கும் தயாராக்கியது. ‘இந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது?’ என்பதோடு, ‘இந்த ஊரின் கல்வெட்டுகள் எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன?’ என்றும் அவர் கேட்டார்.

1966-ல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கட்டுரை திருச்சிக்கு மேற்கே காவிரித் தென்கரையில் அருகருகே இருந்த இரண்டு ஊர்களைப் பற்றியது. ஒன்று அல்லூர். மற்றொன்று ஈசானமங்கலம், பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேயம். இரண்டும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்தவை. முற்காலச் சோழர் ஆட்சிக்கு இரண்டும் உட்பட்டவை, இரண்டிலும் கோயில் கல்வெட்டுகள் உண்டு. கராஷிமா இரண்டு ஊர்க் கல்வெட்டுகளையும் எடுத்துவைத்துக்கொண்டு எளிய கேள்விகளைக் கேட்டார். நிலத்தை விற்பவர் யார்? கொடுப்பவர் யார்? எல்லை சொல்லும்போது பக்கத்து நிலம் யாருடையதாகச் சொல்லப்படுகிறது? ஈசானமங்கலத்தில் விற்றவர்களும் கொடுத்தவர்களும் பெரும்பாலும் தனித்தனிப் பிராமணர்கள். எல்லைகளிலும் தனியாட்களின் நிலமே வந்தது. அல்லூரில் நிலத்தை விற்றது ‘ஊர்’, அதாவது ஊரார் ஒன்றாகக் கூடிய அவை. தனியாள் பெயர் அங்கே அரிது. இதிலிருந்து அவர் கண்ட முடிவு இது: பிரமதேயத்தில் நிலம் தனியுடைமையாகி, உடையவர், உழுகிறவர், கூலிக்கு வேலை செய்கிறவர் என்று அடுக்குகள் பிரிந்திருந்தன. அல்லூரைப் போன்ற, பிராமணரல்லாத உழவர்களின் வெள்ளாண் ஊரிலோ உழுகுடிகளே நிலத்தைப் பொதுவில் வைத்து ஊராகச் செயல்பட்டார்கள். அவர்களுக்குக் கீழே நிலமில்லாத கூலிகள் அங்கும் இருந்தார்கள். ஒரே வாய்க்காலின் இரு கரையில் இரண்டு விதமான சமூகம் இருந்திருந்தால், ‘மாறாத இந்தியக் கிராமம்’ என்று ஒன்றைச் சொல்ல முடியாது. அவர் எடுத்த சான்று எந்தப் பெருங்கல்வெட்டிலும் இல்லை. யார் கையெழுத்திட்டார்கள், யார் பெயர் எல்லையில் வந்தது என்ற, படிப்பவர் கடந்து போகும் சொற்றொடர்களில்தான் அது இருந்தது.

இரண்டு ஊரை வைத்துச் சோழ நாட்டைப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. கராஷிமாவே அதை முதலில் கேட்டவர் எனலாம், ஏனெனில் அதற்குப் பிந்தைய அவருடைய வேலை அனைத்தும் அதற்கான விடைதான். எ. சுப்பராயலு, டோரு மாட்சுயி ஆகியோருடன் அவர் உருவாக்கிய சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978-ல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை ஊர், காலம், பட்டம், பணி என்று பிரித்துக் கணினியில் ஏற்றினார்கள். நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் கணினியைக் கண்ணால் கூடப் பார்க்காத காலம் அது. சோழர் ஆட்சியை 849 முதல் 985 வரை, 985 முதல் 1070 வரை, 1070 முதல் 1178 வரை, 1178 முதல் 1279 வரை என்று நான்காகப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தார்கள். ‘இன்ன ஊருடையான்’ என்ற பெயர் எங்கே பெருகுகிறது, அரசன் தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த ‘மூவேந்தவேளான்’ என்ற பட்டம் எப்போது குவிகிறது, எப்போது தேய்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்தன. அல்லூரில் கண்ட பொதுவுடைமை நிலைத்து நிற்கவில்லை என்பதும் தெரிந்தது. பிற்காலச் சோழர் ஆட்சியில், குறிப்பாக மூன்றாம் குலோத்துங்கன் காலத்தை ஒட்டி, வெள்ளாண் ஊர்களிலும் தனியாட்கள் நிலம் விற்பதும் வாங்குவதும் பெருகின. அதிகாரமும் பட்டமும் உள்ளவர்கள் கையில் நிலம் சேர்ந்தது. ஊரவை மெல்லத் தளர்ந்தது. சமுதாயம், பலபோகம், ஏகபோகம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தஞ்சை ஊர்களை வகைப்படுத்தியபோது அவர்கள் பார்த்த மிராசு என்னும் பரம்பரை நில உரிமைக்கும் இந்த நீண்ட மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு. மிராசு தொன்றுதொட்டு வந்த ஒன்று என்று சொல்வதற்கு இனி இடமில்லை. அதற்கும் ஒரு தொடக்கம் உண்டு, காரணங்கள் உண்டு.

எண்ணிக்கையைப் பற்றி இன்னும் ஆழமான ஐயம் ஒன்றும் உண்டு. கல்வெட்டுகள் தற்செயலாக மிஞ்சியவை. இடிந்த கோயில்களின் கற்கள் மதகுக்கும் படித்துறைக்கும் போயிருக்கின்றன. திருப்பணி என்ற பெயரில் மேலே சுண்ணாம்பும் சிமெண்டும் பூசி அழித்தவையும் உண்டு. எஞ்சியதை எண்ணி விகிதம் சொன்னால், அது பழங்காலத்தின் விகிதமா, அழிவின் விகிதமா? இதற்கு முழு விடை எந்த முறையிலும் கிடையாது. ஆனால் எண்ணாமல் படிப்பவரும் அதே எஞ்சியவற்றிலிருந்துதான் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறார். அவர் எதை ஏன் பொறுக்கினார் என்பதை நாம் சரிபார்க்க வழியில்லை. எண்ணுகிறவர் தன் கணக்கை மேசை மேல் வைக்கிறார். எத்தனை சாசனம், எந்த ஊர், எந்தக் காலம் என்று மற்றவர்கள் திரும்பக் கூட்டிப் பார்க்கலாம். கராஷிமா சீதாராமன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1972-ல் சோழர் வரிச் சொற்களை ஆராய்ந்தது இதற்கு நல்ல உதாரணம். கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கான வரிப் பெயர்கள் உண்டு. அவற்றை எல்லாம் அடுக்கி, சோழர் குடிகளைப் பிழிந்தெடுத்தார்கள் என்று ஒருவர் எழுதலாம். அதே பட்டியலைக் காட்டி, எவ்வளவு நுணுக்கமான நிர்வாகம் என்று இன்னொருவர் வியக்கலாம். எண்ணிப் பார்த்தபோது பல பெயர்கள் ஓரிரு இடங்களில் மட்டுமே வருவதும், கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி போன்ற சிலவே திரும்பத் திரும்ப வருவதும் தெரிந்தன. நிலத்தின் மேல் நெல்லாக வாங்கிய கடமையும், ஆளின் உழைப்பின் மேல் விழுந்த குடிமையும் வெட்டியும்தான் முதுகெலும்பு என்று அப்போதுதான் பேச முடிந்தது. இருபுறத்து மிகைக்கும் அந்த எளிய கூட்டல் ஒரு வரம்பு கட்டியது.

இந்த முறை சோழ அரசின் இயல்பு பற்றிய பெரிய வழக்குக்கும் உதவியது. நீலகண்ட சாஸ்திரி சோழ அரசை அதிகாரிகள் நிறைந்த வலுவான பேரரசாக வரைந்தார். அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1980-ல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். உண்மையான அதிகாரம் நாடு எனப்பட்ட உழவர் வட்டாரங்களில் இருந்தது, மன்னனுக்குத் தன் மையப் பகுதிக்கு வெளியே சடங்கு சார்ந்த மேன்மையே இருந்தது என்றார். நாட்டையும் ஊரையும் பேசியவர் என்பதால் கராஷிமா ஸ்டெய்ன் பக்கம் நிற்பார் என்று நினைக்கலாம். அவர் நிற்கவில்லை. தஞ்சைக் கோயில் சுவரின் நிலக்கணக்கையே அவர் கூட்டிப் பார்த்தார். ஊர் ஊராகக் காணிக்கடன் நெல்லைக் கழிவு போக உள்ள நிலத்தால் வகுத்தால், பெரும்பாலான ஊர்களில் வேலிக்கு நூறு கலத்தை ஒட்டி வருகிறது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதால், வேலிக்கு ஏறத்தாழ 1,200 மரக்கால் நெல். சடங்குக்கு மட்டும் உரிய ஓர் அரசனால், பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஊர்களை முந்திரி வரை அளந்து ஏறக்குறைய ஒரே வீதத்தில் நெல் அளக்கச் சொல்ல முடியாது. நாடுகளைப் படம் வரைந்து காட்டிய சுப்பராயலுவின் ஆய்வும் இதற்குத் துணை நின்றது. இராஜராஜன் நாடுகளுக்கு மேல் வளநாடுகளை அமைத்தபோது, ஆறுகளை எல்லையாக வைத்துப் பழைய வட்டாரங்களை மறுபடி வகுத்தான். மூவேந்தவேளான் பட்டமும் அந்தக் காலத்தில்தான் குவிகிறது. எனினும் கராஷிமா சாஸ்திரியின் படத்துக்கு அப்படியே திரும்பவும் இல்லை. அந்த இறுக்கம் பதினோராம் நூற்றாண்டின் ஒரு கட்டத்துக்கு உரியது, பிற்பாடு தளர்ந்தது என்றார். அரசுக்கும் வயதுண்டு என்ற இந்தப் பார்வை, சோழப் பெருமையைக் குறைப்பதாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அந்தப் பெருமைக்குக் கையில் பிடிக்கக்கூடிய காரணத்தை அதுவே தருகிறது: நிலத்தை அளந்து கணக்கு வைக்கத் தெரிந்த ஆட்சி அது.

கோயில் சுவர் யாருக்காகப் பேசுகிறது என்பது எல்லாவற்றிலும் கூரிய கேள்வி. கொடை கொடுத்தவரும் விற்றவரும் அவையில் உட்கார்ந்தவரும் பேசுகிறார்கள். நாற்று நட்டவளும் ஏர் பிடித்தவனும் பேசவில்லை. பெரிய கோயிலின் நிலக்கணக்கில் பறைச்சேரி வரியில்லாத இறையிலி நிலமாக வருகிறது. சில ஊர்களில் ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் வருகிறது. சேரிக்கு ஒதுக்கிய நிலத்தின் அளவு இருக்கிறது, அங்கே வாழ்ந்தவர் ஒருவரின் குரலும் இல்லை. இந்தக் குறையை எண்ணிக்கை முழுமையாக நீக்கிவிடாது. ஆயினும் கல்வெட்டைத் தொடர்ச்சியாகப் படித்தால் மௌனம் சில இடங்களில் உடைவதைக் காணலாம். விஜயநகர ஆட்சிக் காலத்தை ஆராய்ந்த கராஷிமா, 1429-ல் காவிரிப் படுகையில் கொறுக்கை, திருவைகாவூர் போன்ற ஊர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை ஒன்றுசேர்த்துப் படித்தார். வலங்கை 98, இடங்கை 98 எனப்பட்ட இரு பெரும் சாதிப் பிரிவுகளைச் சேர்ந்த குடிகள், தங்களுக்குள் இருந்த பகையைத் தள்ளிவைத்துவிட்டு ஒன்றாகக் கூடுகிறார்கள். அரசு அதிகாரிகளும் அவர்களோடு சேர்ந்த பிராமண, வெள்ளாள நிலவுடைமையாளர்களும் முறையில்லாமல் வரி வாங்குவதை எதிர்க்கிறார்கள். இனி எவ்வளவு கொடுப்போம் என்பதைத் தாங்களே முடிவுசெய்து கல்லில் வெட்டுகிறார்கள். ஒரு கோயிலில் மட்டும் பார்த்தால் அது ஓர் ஊர்ப் பூசல். பல கோயில்களில் ஒரே ஆண்டில் ஒரே வகை வாசகம் வந்தால் அது ஓர் இயக்கம். நிலம் யாரிடம் இருந்தது, யார் உழுதார்கள், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகள் இந்தப் படுகையில் பழங்கணக்கோடு முடிந்துவிட்டவை அல்ல. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மடிந்ததும் கூலி நெல்லையும் சங்கத்தையும் ஒட்டிய பகையால்தான். கராஷிமாவின் அல்லூர்க் கட்டுரை வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சேரி என்பது எப்போது, எப்படி இந்த வயல்வெளியில் அமைந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு பெரிய கோயிலின் நிலக்கணக்குகள் பழைய சான்றுகளில் ஒன்று.

வெளிநாட்டவர் ஒருவர் தன் நாட்டு விவாதத்துக்கு விடை தேடி நம் சுவர்களைப் படித்தார், அதனால் அவருடைய கேள்விகளும் அந்நியமானவை என்ற மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. நில உடைமை, உற்பத்தி முறை, சமூக அடுக்கு என்ற அவருடைய அளவுகோல்கள் பக்திக்கும் கலைக்கும் மொழிக்கும் போதிய இடம் தரவில்லை என்பது ஓரளவு உண்மை. தேவாரம் பாடப்பட்ட அதே மண்டபத்தை அவர் பத்திரப்பதிவு அலுவலகம் போலப் பார்த்தார். ஆனால் அந்தச் சுவரில் பத்திரங்களை வெட்டியது நம் முன்னோர்தான். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று தொடங்கி, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று அவர்கள் எழுதியது படிப்பதற்காகத்தான். கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை விட, விடைக்குக் கல்வெட்டு இடம் கொடுக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. மேலும் இது தனியொருவர் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுப்பராயலுவின் பெயர் அவர் பெயரோடு பல பத்தாண்டுகள் சேர்ந்தே வந்தது. திருச்சி மாவட்டக் கிராமங்களில் ஜப்பானிய, தமிழக ஆய்வாளர்கள் கூட்டாகக் கள ஆய்வும் செய்தார்கள். மைப்படியில் படித்த ஊரை இன்றைய வயல்வெளியோடு ஒப்பிட அது வழி செய்தது.

அவருடைய பிற்காலப் பணி வயலிலிருந்து கடலுக்குச் சென்றது. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளைத் திரட்டியதோடு, தென்னிந்திய, இலங்கைக் கரைகளில் மணலில் கிடக்கும் சீனப் பீங்கான் ஓடுகளையும் தேடித் தொகுத்தார். தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்த பெரியபட்டினம் போன்ற இடங்களின் ஓடுகள் அந்தத் தேடலில் சேர்ந்தன. இங்கும் முறை அதுவே. ஓர் அழகிய கிண்ணத்தை அருங்காட்சியகத்தில் வைத்து வியப்பதை விட, உடைந்த ஆயிரம் ஓடுகளை எந்தச் சூளை, எந்த நூற்றாண்டு என்று பிரித்து எண்ணினால் வணிகத்தின் ஏற்ற இறக்கம் தெரியும். நாகப்பட்டினத்துத் துறைக்கு வந்த கப்பல்களையும் சோழ நாட்டு நெல் வயலையும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாக அவர் பார்த்தார்.

தனிநாயகம் அடிகள் முதலியோர் 1964-ல் தொடங்கிய உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்துக்கு 1989 முதல் கராஷிமா தலைவராக இருந்தார். எட்டாம் உலகத் தமிழ் மாநாடு 1995 ஜனவரியில் தஞ்சாவூரிலேயே நடந்தது. கோவையில் அடுத்த மாநாட்டை நடத்தத் தமிழக அரசு விரும்பியபோது, ஆராய்ச்சி மாநாட்டுக்குத் தேவையான கால அவகாசம் போதாது என்று அவர் ஒப்பவில்லை. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு தனியே நடந்தது, அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அன்று பலர் அதை மனத்தாங்கலாகப் பார்த்தார்கள். அவருடைய ஆய்வுமுறையோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். கட்டுரை எழுதவும் படிக்கவும் மறுக்கவும் நேரம் இல்லாத இடத்தில் கூட்டம் சேரலாம், ஆராய்ச்சி சேராது என்பதே அவர் நின்ற நிலை. தமிழ் மீது அன்பு என்பது அதன் சான்றுகளுக்குப் பொறுமையோடு நேரம் கொடுப்பது என்று அவர் வாழ்ந்து காட்டினார். 2013-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. உடல்நலம் காரணமாக டெல்லிக்கு வர இயலாத அவருக்கு, டோக்கியோவுக்குச் சென்ற பிரதமர் மன்மோகன் சிங் நேரில் அதை அளித்தார். 2015 நவம்பர் 26 அன்று அவர் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற வேலையில் பெரும் பகுதி இன்னும் நம் முன்னால் இருக்கிறது. படி எடுத்தும் பதிப்பிக்கப்படாத தமிழ்க் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. உதகமண்டலத்திலிருந்து பின்னர் மைசூருக்குப் போயிருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது தமிழ்நாடு மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் தாள் எந்த ஊரில் இருக்கிறது என்பதோடு நம் அக்கறை முடிந்துவிட்டால், பயன் இல்லை. கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். படித்ததைச் சேர்த்து எண்ணுகிறவர்கள் அதிலும் குறைவு. சதய விழாவுக்கு இராஜராஜன் சிலைக்கு மாலை போடுவது தவறில்லை. அந்த அரசனே தன் கோயிலில் எதை வெட்டி வைக்கச் சொன்னான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெற்றிகளைச் சில வரிகளில் முடித்துக்கொண்டு, ஊர் ஊராக நிலத்தையும் நெல்லையும் சுவர் நிறைய எழுதச் சொன்னான். காவிரிப் படுகையின் பல ஊர்க் கோயில்களிலும், அவற்றின் அளவுக்கு அதே போல ஒரு கணக்கு இருக்கிறது. தன் ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளில் ஒன்றை விடாமல் எடுத்து வரிசையாக வைத்து, விற்றவர் யார், வாங்கியவர் யார், எல்லையில் எந்த வாய்க்கால், யார் பெயர் வரவில்லை என்று ஓர் ஆசிரியரும் சில மாணவர்களும் கேட்கத் தொடங்கினால் போதும். அல்லூருக்கும் ஈசானமங்கலத்துக்கும் டோக்கியோவிலிருந்து வந்த ஓர் இளைஞர் செய்தது அதுதான். அவற்றைப் போன்ற நூற்றுக்கணக்கான ஊர்கள் இந்தப் படுகையில் இன்னும் அந்த வேலைக்காகக் காத்திருக்கின்றன.